மாலை ஏழு மணிக்கு வீட்டில் இருக்க: சென்னைப் புறநகரில் வீடு தேடும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோரே,

பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தை, இரண்டு சம்பளம், வங்கி தரச் சம்மதித்த ஒரு கடன் தொகை. இவற்றை வைத்துக்கொண்டு ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், படப்பை, மாங்காடு, திருநின்றவூர் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கக் கிளம்பும் உங்களுக்கு இந்த மடல். தரகர் சதுர அடி விலையைச் சொல்கிறார். விளம்பரம் நீச்சல் குளத்தைக் காட்டுகிறது. இன்னும் ஐந்து வருஷத்தில் விலை இரட்டிப்பாகும் என்று உறவினர் சொல்கிறார். குழந்தை வளரப் போகும் வீட்டுக்கு இவை எதுவும் முதல் அளவுகோல் ஆகாது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேலை நாளில் குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் அம்மாவோ அப்பாவோ, முடிந்தால் இருவருமோ, எத்தனை மணி நேரம் வீட்டில் இருக்க முடியும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கில் தேறுகிற ஊர்களை மட்டும் பட்டியலில் வைத்துக்கொண்டு, பிறகு விலையையும் அறைகளையும் பாருங்கள்.

கணக்கு எளிது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் பரிந்துரைத்தது. பள்ளி வேன் ஏழு மணிக்கு வருமென்றால் குழந்தை ஆறு மணிக்காவது எழ வேண்டும். ஒன்பது மணி நேரம் தூங்கவே இரவு ஒன்பதுக்குப் படுத்தாக வேண்டும். அலுவலகம் மாலை ஆறுக்கு முடிகிறது என்று வையுங்கள். வழியில் ஒரு மணி நேரம் போனால் ஏழுக்கு வீட்டில் இருப்பீர்கள். குழந்தையோடு இரண்டு மணி நேரம் கிடைக்கும். இரண்டு மணி நேரம் ஆனால் எட்டு மணிக்குத்தான் கதவைத் தட்டுவீர்கள்; கிடைப்பது ஒரு மணி நேரம். கூடுதல் ஒரு மணி நேரப் பயணம் உங்கள் நாளில் இருபத்துநாலில் ஒரு பங்குதான். குழந்தையின் மாலையில் அது சரிபாதி. வீட்டுப்பாடம், சாப்பாடு, பள்ளியில் யாரோடு சண்டை என்ற பேச்சு எல்லாம் மீதியிருக்கும் பாதிக்குள் அடங்க வேண்டும். வருஷத்துக்கு 250 வேலை நாள் என்றால் மாலைப் பயணத்தில் மட்டும் கூடுதலாக 250 மணி நேரம் போகிறது. இருபது வருஷக் கடன் முடியும்போது அது 5,000 மணி நேரம். அதற்குள் குழந்தை கல்லூரியையும் முடித்திருக்கும்.

"பழகிவிடும், மலிவாக வீடு கிடைத்ததே" என்று இதற்குச் சமாதானம் சொல்வது வழக்கம். அந்தச் சமாதானம் நிற்கிறதா என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. சுவிஸ் பொருளியலாளர்கள் அலோய்ஸ் ஸ்டட்சரும் புரூனோ ஃப்ரையும் ஜெர்மனியில் பல ஆண்டுகள் திரட்டப்பட்ட குடும்பத் தரவுகளை வைத்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீண்ட பயணத்துக்கு ஈடாக நல்ல சம்பளமோ மலிவான வீடோ கிடைக்கிறது, அதனால்தான் மக்கள் அதை ஏற்கிறார்கள் என்பது பொருளியலின் எதிர்பார்ப்பு. தரவு வேறு விதமாகச் சொன்னது. பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் மனநிறைவு குறைந்தது. அந்தக் குறைவைச் சம்பளமும் வீடும் முழுதாக ஈடுகட்டவில்லை. ஜெர்மனியின் ரயில் வேறு, நம் ஜி.எஸ்.டி. ரோடு வேறு என்பது உண்மைதான். ஆனால் வீடு வாங்கும் நாளில் கண்ணுக்குத் தெரிகிற சதுர அடியை மிகையாகவும், தெரியாத தினசரிக் களைப்பைக் குறைவாகவும் மதிப்பிடும் மனம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

நம் வீடுகளில் இந்தச் சுமை சமமாகவும் விழுவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். அப்படி ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஏற்கெனவே ஐந்து மணி நேரம் வீட்டு வேலை செய்கிற ஒருவரிடம் நான்கு மணி நேரப் பயணத்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன நடக்கும்? குழந்தைக்குக் காய்ச்சல் வரும் வாரங்களில், வேனை விட்டுவிட்ட நாள்களில், பாட்டி ஊருக்குப் போன மாதத்தில், வேலையை விடுவதா என்ற கேள்வி பெரும்பாலும் அம்மாவின் முன்தான் வந்து நிற்கிறது. இரண்டு சம்பளத்தை நம்பி எடுத்த கடன் ஒரு சம்பளத்தில் தொங்கும். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது கணவன் அலுவலகத்துக்கு எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இருவரின் பயணத்தையும் தனித்தனியாக எழுதி, எது நீளமோ அதைக் குறைக்கப் பாருங்கள்.

இந்தக் கணக்கோடு சென்னையின் வரைபடத்தை எடுத்தால், முதலில் கண்ணில் படுவது மின்சார ரயில். கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே அது ஓடத் தொடங்கிவிட்டது. இன்று தெற்கே செங்கல்பட்டு, மேற்கே ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம், வடக்கே கும்மிடிப்பூண்டி என்று மூன்று திசையிலும் போகிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் சுமார் 30 கிலோமீட்டர். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மழை பெய்தாலும் முகூர்த்த நாளானாலும் அந்த நேரம் பெரிதாக மாறாது. அதே தூரத்தைக் காரில் கடக்க எவ்வளவு ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மாலை பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் போனவர்களுக்கு இது தெரியும். குழந்தைக்குச் சராசரி நேரம் புரியாது. "ஏழு மணிக்கு அப்பா வருவார்" என்பது புரியும். கணிக்க முடிகிற பயணம் வேகமான பயணத்தைவிட உயர்ந்தது. கிண்டியிலும் பரங்கிமலையிலும் இறங்கி மெட்ரோவுக்கு மாறலாம். பூங்கா நிலையத்தில் இறங்கினால் சென்ட்ரல். ரயில் பாதையில் வீடு இருந்தால் வேலை மாறினாலும் வீடு மாற வேண்டியிருக்காது. இருபது வருஷக் கடன் காலத்தில் வேலை ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாதல்லவா?

ஆனால் ரயில் பாதையில் இருக்கும் ஊர்களெல்லாம் ஒன்றல்ல. கடற்கரையிலிருந்து புறப்படும் ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. செங்கல்பட்டு வரை போகிறவை குறைவு. மேற்குப் பாதையிலும் ஆவடிக்கு அப்பால் ரயில்களின் இடைவெளி கூடுகிறது. ஆகவே தாம்பரத்துக்கு அடுத்த சில நிலையங்களின் விலை எவ்வளவு கிலோமீட்டர் என்பதில் இல்லை, ஒரு ரயிலை விட்டால் அடுத்தது எப்போது என்பதில் இருக்கிறது. நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் கடைசித் தூரம் இன்னும் முக்கியம். "கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கம்" என்று விற்கப்படும் மனை நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கலாம். மாலை ஏழு மணிக்கு நிலைய வாசலில் ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருந்து, லெவல் கிராசிங்கில் நின்று, மண் சாலையில் குலுங்கிப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். ரயில் மிச்சப்படுத்திய நேரம் அங்கேயே போய்விடும். நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடை, அதாவது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், என்பதை எல்லையாக வையுங்கள். அதற்கு வெளியே என்றால், அடிக்கடி வரும் பேருந்தாவது இருக்க வேண்டும். மாநகரச் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. அது ஓடுகிற தெரு குடும்பத்துக்கு உண்மையான சலுகை.

"நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் வீடு எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்பீர்கள். இதுதான் நியாயமான முதல் மறுப்பு. எனவே ரூபாயிலேயே பேசுவோம். 8.5 சதவீத வட்டியில், இருபது வருஷத்துக்கு, கூடுதலாக 10 லட்சம் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 8,700 ரூபாய் கூடும். தினமும் போக வர 40 கிலோமீட்டர் காரில் போகிறவருக்கு, மாதம் 22 நாளில், லிட்டருக்கு 13 கிலோமீட்டர் என்ற கணக்கில், லிட்டர் நூறு ரூபாய் விலையில், பெட்ரோலுக்கே ஏறக்குறைய 6,800 ரூபாய். டயரும் சர்வீசும் இன்சூரன்சும் தனி. ரயில் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். கார் ஒன்றைத் தவிர்க்க முடிந்தால், விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடுகிறது. இரு சக்கர வாகனக்காரருக்கு அப்படி வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருக்குப் பெட்ரோல் மாதம் இரண்டாயிரம் ரூபாய் அளவில்தான் ஆகும். அவர் வாங்குவது நேரத்தையும், லாரிகளுக்கு நடுவே ஓட்டாத பாதுகாப்பையும். இதற்கும் பணம் போதாது என்றால் வீட்டைச் சிறிதாக்குங்கள். 1,200 சதுர அடியில் எட்டரை மணிக்கு வரும் பெற்றோரைவிட, 850 சதுர அடியில் ஏழு மணிக்கு வரும் பெற்றோர் குழந்தைக்கு மேல். லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடியில் இரண்டாம் மாடி, குரோம்பேட்டையிலோ அம்பத்தூரிலோ கிடைத்தால், அதைப் பார்க்காமலே ஒதுக்காதீர்கள்.

இரண்டாவது மறுப்பு, "எங்கள் அலுவலகம் சிறுசேரியில், ஒரகடத்தில்; அங்கே ரயிலே கிடையாதே." சரிதான். ஓ.எம்.ஆர். நெடுக மின்சார ரயில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் இல்லை. என் விதி ரயிலைப் பற்றியதல்ல, மணிக்கணக்கைப் பற்றியது. இருவருக்கும் வேலை ஓ.எம்.ஆரில் என்றால் நாவலூரோ கேளம்பாக்கமோ உங்களுக்குச் சரி, தாம்பரம் சரியல்ல. விலை குறைவு என்பதற்காகக் கூடுவாஞ்சேரியில் வாங்கி, தினமும் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் போய்வருவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஒருவருக்கு ஓ.எம்.ஆர்., மற்றவருக்கு அண்ணா சாலை என்றால் நடுவில் ஓர் ஊரைத் தேடுங்கள். வாரத்தில் எத்தனை நாள் யார் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டிலிருந்து வேலை என்ற சலுகையை நம்பி இருபது வருஷக் கடன் வாங்காதீர்கள். நிறுவனம் ஒரே மின்னஞ்சலில் அதைத் திரும்பப் பெறலாம்.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது, "மெட்ரோ வரப்போகிறது." சுமார் 119 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது, மாதவரம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர், சிறுசேரி எல்லாம் அதன் வரைபடத்தில் உண்டு. அது நல்ல செய்திதான். ஆனால் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டிக்கும் வேலையை நினைத்துப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டர்தான் தூரம். 2008-ல் தொடங்கிய அந்தப் பணி, ஆதம்பாக்கம் அருகே ஏறக்குறைய அரைக் கிலோமீட்டருக்கான நிலம் வழக்கில் சிக்கியதால் பதினைந்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. அதை நம்பி அன்று வீடு வாங்கிய குடும்பத்தின் கைக்குழந்தை, பாதை முடியுமுன் பத்தாம் வகுப்புக்குப் போயிருக்கும். இன்று ஓடுகிற ரயிலுக்கும் பேருந்துக்கும் மட்டும் விலை கொடுங்கள். நாளை வரப்போவது வந்தால் லாபம். வராவிட்டால் நஷ்டம் உங்களுடையதாக இருக்கக் கூடாது.

சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, மதில் சுவருக்குள் பூங்காவும் நீச்சல் குளமும் சூப்பர் மார்க்கெட்டும் வைத்துக் கட்டிய பெரிய குடியிருப்புகள் குழந்தைக்கு நல்லவை என்ற கருத்தும் இருக்கிறது. உள்ளே கார் பயமில்லாமல் விளையாடலாம், சம வயதுத் தோழர்கள் கிடைப்பார்கள் என்பதை மறுக்க மாட்டேன். ஐந்து வயதுக்கு அது பெரிய வரம். பத்து வயதில் அதே குழந்தைக்கு ஹிந்தி வகுப்பும் கிரிக்கெட் பயிற்சியும் நண்பன் வீடும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெற்றோர் ஒருவர் வண்டி எடுக்க வேண்டும். பள்ளி, மருந்துக் கடை, குழந்தை மருத்துவர், நூலகம், தையல் கடை எல்லாம் நடக்கும் தூரத்திலுள்ள பழைய புறநகர்த் தெருவில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே போய்வரும். சேலையூரிலும் பல்லாவரத்திலும் வில்லிவாக்கத்திலும் அப்படிப்பட்ட தெருக்கள் இன்னும் உண்டு. பெரிய பெயர் பெற்ற பள்ளி ஒன்றரை மணி நேர வேன் பயணத்தில் இருந்தால், அருகிலிருக்கும் சுமாரான பள்ளியே மேல். சுமாரான பள்ளியை வீட்டில் கிடைக்கும் மாலை நேரம் ஈடுகட்டும். வேனில் தூங்கி விழும் குழந்தைக்கு நல்ல பள்ளி என்ன செய்ய முடியும்?

இத்தனை கணக்கும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் செல்லுபடியாக வேண்டும். 2015 டிசம்பர் 1-ல் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாற்றின் மேற்பகுதியில் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரிப் பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் இன்றைப்போல் பல மடங்கு பரந்திருந்தது. எஞ்சிய பகுதிக்கு 2022-ல்தான் சர்வதேச ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் தகுதி கிடைத்தது. தண்ணீர் தங்கிய இடத்தில் வீடுகள் வந்துவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. வீடு பார்க்கப் போகும்போது சுவரில் இடுப்புயரத்தில் பழுப்புக் கோடு இருக்கிறதா, பக்கத்து வீட்டில் மின்சார மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறார்களா, தெருவில் யாராவது ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். சாலை போடப் போட உயர்ந்து, பழைய வீட்டு வாசல் பள்ளமாகியிருக்கிறதா என்று பாருங்கள். தரகர் சொல்லாததை இவை சொல்லும். வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பட்டாவும் எல்லோரும் கேட்பவை. அவற்றோடு சர்வே எண்ணுக்கான 'அ' பதிவேட்டையும் எடுத்து, ஏரி, ஓடை, வாய்க்கால் என்ற சொற்கள் மனையிலோ ஒட்டியோ வருகின்றனவா என்று படித்துவிடுங்கள். புதுக் குடியிருப்பு என்றால் ரெரா பதிவு எண் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மழைக்காலத்தைப் போலவே கோடையும் சோதனை. 2019-ல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குழாயும் பாதாளச் சாக்கடையும் முழுதாகப் போய்ச் சேராத புறநகர்த் தெருக்கள் பல. போர் எத்தனை அடி, மே மாதத்தில் தண்ணீர் லாரிக்கு ஒரு வீட்டுக்கு எவ்வளவு ஆகிறது, கழிவுநீர் லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று குடியிருப்பவரிடம் கேளுங்கள். லாரிக்காகக் காத்திருக்கும் நேரமும் குழந்தையின் நேரத்திலிருந்துதான் போகிறது.

இவ்வளவையும் ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு மணி நேரம் பார்ப்பதால் அறிய முடியாது. ஆகவே என் வேண்டுகோள் இது: பிடித்த ஊரில் வாங்குமுன் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்து பாருங்கள், அதற்குள் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வந்துபோகும். வாடகை வீண் செலவு என்று பெரியவர்கள் சொல்வார்கள். இருபது வருஷத் தவறைத் தவிர்க்க ஒரு வருஷ வாடகை கொடுப்பது வீண் அல்ல. அதற்கும் வழியில்லை என்றால், ஒரு வேலை நாள் விடுப்பு எடுத்து, காலை அந்தத் தெருவிலிருந்து இருவர் அலுவலகத்துக்கும் போய், மாலை நெரிசலில் திரும்பி வந்து பாருங்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, குழந்தை தூங்கும் நேரத்திலிருந்து கழியுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக மிஞ்சினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

ஏற்கெனவே தொலைவில் வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். தாம்பரம் 2021-லும் ஆவடி 2019-லும் மாநகராட்சிகள் ஆகிவிட்டன. கேட்பதற்கு இன்று வார்டு உறுப்பினர் இருக்கிறார். நிலையத்திலிருந்து உங்கள் தெருவரை விளக்கும் நடைபாதையும், மாலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு சிற்றுந்தும் கேட்டு, குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து மனு கொடுங்கள். பூங்காவுக்கு வளைவு கட்டித் தருவதைவிட அதுதான் உங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. நிலையத்திலிருந்து வீடு வந்து சேர ஆகும் அந்த அரை மணி நேரம் அவர்கள் கணக்கில் சேரும்.

அன்புடன்,
உங்கள் நலம் நாடும் ஒருவர்